வேலி போட்ட சூரியகாந்தி

அன்புள்ள ஓவியரே,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது. எல்லாம் நியாயம். இங்கே எல்லோரும் நலம். இனி நீ அனுப்பிய வாட்டர்கலர் சூரியகாந்திக்கு வருகிறேன்.

பூ நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் ஏன் வேலி? மஞ்சளுக்கு அடியில் சாம்பல் கோடு, ஓரமெல்லாம் பச்சையோடிய அழுக்கு. டிரேஸ் எடுத்தது ஏமாற்று வேலையோ என்று இரண்டு பக்கம் புலம்பல் வேறு. 1790களில் லண்டனில் ஓவியப் பிரியர் டாக்டர் மன்ரோ வீட்டில், கிர்ட்டின் என்ற இளம் ஓவியர் வெளிக்கோடு போட்டுக் கொடுப்பார், அவர் வயதுக்காரர் டர்னர் அதன்மேல் வாஷ், அதாவது தண்ணீர் கலந்த வண்ணம், பூசுவார். அடுத்தவர் கோட்டின்மேல் பழகியவர்தான் பிறகு பெரிய டர்னர் ஆனார். உனக்கு அந்த ஆபத்து இல்லை, தைரியமாக டிரேஸ் எடு.

கோளாறு வேறு இடத்தில். டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் 6பி என்ற மிக மென்மையான பென்சிலைத் தேய்த்து, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி இழுத்ததாக நீயே எழுதியிருக்கிறாய். இரண்டுமே தப்பு. 6பி மாவு மாதிரி உதிரும். ஈரப் பிரஷ் பட்டதும் மஞ்சளோடு கலந்து அதைக் கெடுக்கும். பேனா அழுத்தம் தாளில் பள்ளம் போடும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார், வாய்க்கால் மாதிரி தெரியும். வண்ணம் அதில் போய்த் தேங்கிக் காய்கிறது. பென்சிலை அழித்தாலும் அந்தக் கோடு போகாது.

இப்படிச் செய்து பார். மூலப்படத்தை டிரேசிங் பேப்பரில் கூரான எச்பி பென்சிலால் எடு. திருப்பிப் போட்டு, கோடு ஓடும் இடத்தில் மட்டும் 2பியைச் சாய்த்துத் தேய். பிறகு பஞ்சால் ஒரு தடவை துடைத்துவிடு. மிச்சத் தூள் அதிலேயே வந்துவிடும். உன் படத்தில் விட்டுப்போன படி இதுதான். தேய்த்த பக்கம் கீழே இருக்கும்படி அதை வாட்டர்கலர் தாள்மேல் வைத்து, மேல்விளிம்பில் இரண்டே இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டு, கதவு மாதிரி தூக்கிப் பார்க்கலாம். பிறகு எச்பியால் கோட்டின்மேல் மறுபடி இழு, பெயர் எழுதும் அழுத்தத்தில் பாதி போதும். முதல் இதழ் முடிந்ததுமே தூக்கிப் பார்த்துவிடு. கருப்பாக விழுந்தால் அங்கேயே கையை இலேசாக்கிக்கொள். முழுப்பூவும் முடிந்தபின் ஐயோ என்று பயனில்லை.

கார்பன் தாளைத் தொடாதே. அதன் மெழுகு தண்ணீரைத் தள்ளும், ரப்பருக்கும் அசையாது.

பென்சில் தேய்க்காமலும் டிரேஸ் எடுக்கலாம்: மூலப்படத்தின்மேல் தாளை வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் விடும் லைட் பாக்ஸ் தடித்த 300 ஜிஎஸ்எம் தாளிலும் வேலை செய்யும், அறையை இருட்டாக்கிவிட்டால். பகலில் ஜன்னல் கண்ணாடியும் போதும். நாலு பக்கமும் பசை போட்ட தாள் அடுக்கான பிளாக்கிலிருந்து தாளைப் பிரிக்காமல் போடுகிறாய் என்றால் மட்டும் பென்சில் தேய்க்கும் வழிதான்.

கோடு விழுந்தபின், மாவு மாதிரி பிசையக்கூடிய ரப்பரைக் குச்சி மாதிரி உருட்டி, படத்தின்மேல் இலேசாக உருட்டிவிடு. தேய்க்காதே! தாளின் மேலுள்ள பசைப்பூச்சு தேய்ந்தால் அந்த இடம் வண்ணத்தை உறிஞ்சித் திட்டாகும். பூசும் வரை அது கண்ணுக்கே தெரியாது, அதுதான் கொடுமை. குனிந்து பார்த்தால் கோடு தெரிய வேண்டும், எழுந்து நின்றால் தெரியக் கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

இந்த வேலையெல்லாம் வாஷுக்கு முன்னால். பூசிக் காய்ந்த வண்ணத்துக்கு அடியில் மாட்டிய பென்சில் சுலபத்தில் வராது. இருட்டான இலைக்கு அடியில் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மஞ்சள், இளநீல வானம் இரண்டுக்கும் அடியில்தான் காட்டிக்கொடுக்கும். இதழுக்கு மட்டும் காவி மஞ்சள் வாட்டர்கலர் பென்சிலால் கோடு போட்டால், பெரும்பாலும் வாஷிலேயே கரைந்துபோகும். சாதாரண கலர் பென்சில் கரையாது, அதுவும் மெழுகு. எது எது என்று குழம்பினால் துண்டுத்தாளில் கிறுக்கி ஈரவிரலால் இழுத்துப் பார்.

பிரிண்டரில் வெளிக்கோட்டை அச்சடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். இங்க்ஜெட்டில் சாய மை என்றால் தண்ணீர் பட்டதும் ஓடும், பிக்மெண்ட் மை நிற்கும். எதுவானாலும் வெளிர்சாம்பலில் அடி. தடித்த தாள் எல்லா பிரிண்டரிலும் நுழையாது.

இன்னொன்று, உனக்குக் கோபம் வரும். கோடு சரியாக விழுந்தாலும் உன் படம் சிறுபிள்ளைகளின் கலரிங் புத்தகம் மாதிரிதான் இருக்கும், நீ எல்லாவற்றுக்கும் கோடு போடுவதால். வெள்ளையாக விட வேண்டிய இடங்களைக் குறி. பனித்துளியின் பளபளப்புக்குக் கடுகளவு வட்டம் போதும். நிழலின் ஓரம், மேகத்தின் ஓரம், பின்னால் மங்கும் இலைகள் இவற்றுக்குக் கோடே வேண்டாம். இரண்டு இதழ் நிழலில் ஒட்டும் இடத்தில் இருக்கிற கோட்டையும் மதிக்காதே, ஒரே ஈரத்தில் இரண்டையும் சேர்த்து இழுத்துவிடு. முதல் இதழ் காயாமல் பக்கத்து இதழைத் தொடுகிற உன் பழைய அவசரம் இதற்கு மட்டும் உதவும். மற்ற இடத்தில் புறங்கையை வைத்துப் பார். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

பாழான தாளைத் தூக்கி எறியாதே, பின்பக்கம் சோதனைக்கு ஆகும். அடுத்த பூவை வண்ணம் பூசுவதற்கு முன்பே படம் பிடித்து அனுப்பு. கோடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தால், மறுபடியும் ரப்பர்தான் உனக்கு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்