‘ஆம்பளையாட்ட’ என்று ஒரு பாராட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த தன்வரலாற்றுத் தொடரை இரண்டு தடவை படித்தேன். புருசன் போன பிறகு காடு, கிணறு, எருமை என்று எல்லாவற்றையும் ஒண்டியாகப் பார்த்த தன் தாயை, ‘ஆம்பளையாட்ட நின்னு பண்ணையம் பாத்தா’ என்று ஊரே மெச்சியதை எழுத்தாளர் எழுதுகிறார். அந்தப் பாராட்டு தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார். ஒரு ஆண் இப்படி எழுதியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் அமுச்சியையும் (அம்மாவின் அம்மா) இப்படித்தான் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான்.

அவர் எழுதியதைப் படித்ததும் என் அப்பா நினைவுக்கு வந்தார். அம்மா காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்தபோது அவர்தான் அரிசியும் பருப்புஞ்சோறு ஆக்கினார். ருசியாகவே ஆக்குவார். ஆனால் சின்ன வெங்காயம் உரிக்க உட்காரும்போதே வாசக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவார். வெளியே யாராவது “ஏனுங்க” என்று கூப்பிட்டால் போதும், கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போவார். அப்போது எனக்கு எட்டு வயது. பக்கத்தில் நின்ற அண்ணனுக்குப் பதின்மூன்று.

ஈரோட்டில் இருந்து வந்த ‘குடிஅரசு’ இதழில் ‘ஆண்மை’ என்ற சொல்லையே பெரியார் கேள்வி கேட்டுத் தொண்ணூறு வருசத்துக்கு மேல் ஆகிறது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 1989 வரை ஆனது. அதற்கு முன்பே எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் அந்தச் சட்டத்தில் எனக்கு இடமில்லை. 2005இல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. சரி, அப்புறம் என்ன நடந்தது? பாகம் பிரித்த அன்று, “தாய் வீட்டு வாசப்படி வேணுமா வேண்டாமா, அம்மிணி?” என்று பெரியவர்கள் கேட்டார்கள். எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யும் சடங்கான இணைச்சீர் செய்ய என்னை உட்கார வைத்தவர்களும் இவர்களேதான்.

எழுத்தாளருக்கு ஒரு அக்கா இருப்பதாகத் தொடரில் வருகிறது. அம்மா பாடுபட்ட அந்தக் காட்டில் அக்காவுக்கு என்ன கிடைத்தது? வரும் பகுதிகளில் அதையும் மறைக்காமல் எழுதும்படி அவரிடம் சொல்லுங்கள். என் அண்ணனும் இந்தத் தொடரைப் படிக்கிறார்.

– ஒரு வாசகி, காங்கயம்