நகம் ராவிய கை

அன்புள்ள கோமு,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதைச் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு மாமி அப்படியேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பார்லரில் ஒரு பெண் இருக்கிறாளே, வலிக்காமல் த்ரெடிங் போடுகிறாள் என்று நீகூட மெச்சினாயே, அவள் போன மாதம் வந்து, "அக்கா, ஹெவி லைசன்ஸ் எடுக்கப் போறேன், காலையில கொஞ்சம் லேட்டா வரலாமா?" என்றாள். பஸ் ஓட்ட வேண்டுமாம். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். "முதல்ல கிரீமைத் தரையில கொட்டாம எடு" என்றேன். நாற்காலியில் இருந்த அம்மாவும் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள்.

அதே வாரம் சின்னவளின் பேச்சுப் போட்டிக்காகப் விமானம் ஓட்டிய கறுப்பின அமெரிக்கப் பெண் பெஸ்ஸி கோல்மனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். 1892இல் டெக்சாஸில் பிறந்தவள், பதின்மூன்று பிள்ளைகளில் பத்தாவது, பருத்தி எடுத்த கை. 1915இல் சிகாகோ வந்து என்ன செய்தாள் தெரியுமா? முடிவெட்டும் கடையில் ஆண்களுக்கு நகம் ராவிவிட்டாள். நம்ம தொழில்டி! முதல் உலகப் போருக்குப் பிரான்ஸ் போய் வந்த அண்ணன் ஜான், அங்கே பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உன்னால் ஆகுமா என்று சீண்டியிருக்கிறான். கறுப்பினப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் தயாராக இல்லை. 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை நடத்திய ராபர்ட் அபாட், பிரான்சுக்கே போய்விடு என்றார். பிரெஞ்சு கற்றுக்கொண்டு 1920 நவம்பரில் கிளம்பினாள். 1921 ஜூன் 15 அன்று சர்வதேச லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது. உலகமே அறிந்த பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட் அதை வாங்கியதே இரண்டு வருடம் கழித்துத்தான்.

எல்லாரும் இதைப் படித்துவிட்டுப் பெஸ்ஸியை மெச்சுவார்கள். எனக்கு ஜான்தான் கண்ணில் பட்டான் கோமு, கையில் என் கத்தரியோடு. நாம் டிவிஎஸ் 50 பழகியபோது உன் சித்தப்பா சொன்னதும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. (அந்த வாய்க்காலை மூடிவிட்டார்கள். இனி நீ தைரியமாக ஓட்டலாம்.)

லைசன்ஸ் வாங்கிய அப்புறம் வானத்தில் சாகசக் காட்சிகள்தான் பெஸ்ஸியின் பிழைப்பு. 1923இல் கலிஃபோர்னியாவில் விமானம் விழுந்து கால் உடைந்தது. எழுந்து மறுபடி பறந்தாள். ஒரு படத்தில் நடிக்கக் கூப்பிட்டுக் கந்தல் உடுத்தச் சொன்னபோது, போய் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். வளர்ந்த ஊரான வாக்ஸஹாச்சியில் காட்சி பார்க்க வர வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்றார்கள். ஒரே வாசல் இல்லையென்றால் பறக்க மாட்டேன் என்று நின்று ஜெயித்தாள். ஆனால் உள்ளே உட்காரும் இடம் தனித்தனியாகவே இருந்ததாம். அந்தப் பாதி ஜெயிப்பு என்னை ரொம்ப நேரம் படுத்தியது.

தன் மக்களுக்கென்று ஒரு பறக்கும் பள்ளி தொடங்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை பாடும். 1926 ஏப்ரல் 30, ஜாக்சன்வில். விமானத்தை மெக்கானிக் வில்லியம் வில்ஸ் ஓட்டினார். மறுநாள் பாராசூட்டில் குதிக்க இடம் பார்ப்பதற்காக இவள் பெல்ட் போடாமல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் கவிழ்ந்தது, இவள் வெளியே விழுந்துவிட்டாள். வில்ஸும் பிழைக்கவில்லை. இயந்திரத்துக்குள் ஒரு ஸ்பானர் சிக்கியிருந்ததாம். வயது 34. அவள் பெயரில் வில்லியம் பவல் லாஸ் ஏஞ்சலஸில் பறக்கும் கிளப் தொடங்கியது 1929இல். 1992இல் விண்வெளி வீராங்கனை மே ஜெமிசன் அவள் படத்தை விண்வெளிக்கே கொண்டுபோனார். சின்னவள் அந்த இடத்தில் பேச்சை முடித்துக் கைதட்டல் வாங்கினாள். நான் இன்னும் அந்த ஸ்பானரிலேயே நிற்கிறேன். யாரோ மறந்து வைத்தது.

சரி. அந்தப் பெண்ணிடம் காலையில் பத்தரைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். நம்பாமல் பார்த்தாள். கார் லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். உன் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் ஹெவி சொல்லித்தருகிறார்களா, எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுது. பாதிப் பணம் நான் போடுகிறேன். நான் சிரித்ததை மட்டும் உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

உன்,
மீனா