எழுத்துக்கு இரண்டே வரியா?

ஆசிரியருக்கு,

யூத மதகுருவும் சிந்தனையாளருமான ரப்பி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1965-ல் அமெரிக்காவில், அலபாமாவின் செல்மாவில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான பேரணியில் மார்ட்டின் லூதர் கிங்குடன் அவர் நடந்த படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள், சரி. அவருடைய எழுத்துக்கு மட்டும் இரண்டே வரி! நடந்ததையும் எழுதியதையும் அப்படிப் பிரிக்க முடியாது. வார்சாவில் பிறந்த ஹெஷல், பெர்லினில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே எபிரேயத் தீர்க்கதரிசிகள்தான். ஏழைக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு தூங்க முடியாதவர்களாக அவர்களைப் பார்த்தார். அந்தப் படிப்புதான் பல ஆண்டுகள் கழித்து அவரைச் செல்மாவுக்கு இழுத்துப் போனது. அங்கே தன் கால்கள் பிரார்த்தனை செய்ததாக உணர்ந்தேன் என்று அவர் சொன்னதும் வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

1951-ல் வெளிவந்த அவருடைய ‘சப்பாத்’ நூல், யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளைக் காலத்தில் எழுப்பிய அரண்மனை என்கிறது. யூதனல்லாத நானும் அதைப் படித்துவிட்டு, வாரம் ஒரு நாள் கைபேசியை அணைத்து வைத்துப் பார்த்தேன். முதல் வாரமே, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது தெரிந்தது. அதுவரை காதில் விழவே இல்லை. பிறந்தநாள், நினைவுநாள் கட்டுரைகளோடு நிறுத்தாமல், இத்தகைய சமயச் சிந்தனையாளர்களின் எழுத்திலிருந்து ஒரு பக்கத்தையாவது உரிய அனுமதியுடன் தமிழாக்கி, மாதம் ஒருமுறை வெளியிடலாமே.

ஒரு வாசகர்,
மதுரை