மஞ்சள் பாக்கெட்டின் பின்பக்கம்: அம்மிணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மிணி,

"லோகோ பண்றேன்னு போனவளை மசாலாப் பாக்கெட்டுக்குப் பின்னாடி எழுத்து அடிக்க உக்கார வெச்சுட்டாங்களாமா" என்று உன் அம்மா போனில் சொன்னாள். கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததற்கு ஊருக்கே ஸ்வீட் கொடுத்தவள், இப்போது பாதியில் விட்டுவிடலாமா என்று கேட்கிறாயாம். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் வாட்ஸாப்பில் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். உன் நிஜப் பெயர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

விடாதே. உனக்குக் கொடுத்திருப்பது எடுபிடி வேலை இல்லை. முன்பக்கப் படம் சுமாராக இருந்தாலும் மஞ்சள்தூள் விற்றுவிடும். பின்பக்கத்தில் ஒன்று விட்டுப்போனால் சரக்கைக் கடையில் வைக்கவே முடியாது. தயாரித்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் என்று 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகள் ஒரு பட்டியலே வைத்திருக்கின்றன. இவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தே ஆக வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். (எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் விதி அது.) கிராமுக்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துதான் குறியீடு. அதற்கு எம், எஸ் என்று வால் ஒட்டி அனுப்பும் கிளையண்ட்தான் அதிகம், நீதான் வெட்ட வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம், ஒவ்வொன்றாக எண்ணிப் பார். சைவக் குறியாகப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. பேட்ச் எண்ணும் விலையும் பிறகு அடிப்பதற்கு வெறும் இடம் விட்டாயா என்றும் பார்த்துக்கொள்.

பார்கோடைச் சிவப்பில் போட்டால் அழகாக இருக்கும் என்று உனக்குத் தோன்றும். ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்துக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். கறுப்பிலேயே விடு.

"ஈரோடு மஞ்சள்" என்று பெரிதாகப் போடச் சொன்னால் சீனியரிடம் ஒரு வார்த்தை கேள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்துபவர் அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அப்புறம், தமிழ் எழுத்து. கிளையண்ட் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்து அனுப்பியிருப்பார். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றினால், சாஃப்ட்வேரில் எழுத்துகளைக் கோக்கும் 'கம்போசர்' அமைப்பில் இந்திய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்காத வரை ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'பொடி' என்ற சொல்லை அடித்துப் பார், ஒரு நொடியில் தெரிந்துவிடும். எல்லாம் சரியான பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளையில் சின்ன எழுத்து வைத்தால் அச்சில் மை பரவிப் புள்ளிகளை அடைத்துவிடும். 'மஞ்சள்' கடைசியில் 'மஞசள' ஆகிக் கடைக்குப் போகும். திரையில் நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியாது. நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படி. தமிழ்நாட்டில் டிசைன் படித்து வரும் பிள்ளைகளில் இதைச் செய்பவர்கள் குறைவு. தமிழை ஒழுங்காக அமைக்கத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்தக் கொங்குச் சீமையில் உனக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

"மஞ்சள் இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா தேவலைங்க" என்பார்கள். திரையில் தெரியும் அந்தப் பளிச்சு மையில் வராது. மஞ்சள் மை முழுதாக, மெஜெண்டா கொஞ்சம். சயன் என்ற நீல மை லேசாகக் கலந்தாலும் பச்சை அடித்துவிடும். சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். கறுப்போடு இந்த மூன்றையும் சேர்த்து நாலு மையையும் கலந்தால் ஒன்று இம்மி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பாக்கெட் ஃபிலிமை ரோட்டோவில், அதாவது செதுக்கிய உலோகச் சிலிண்டரை வைத்து, அடிப்பதாக இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர். அது செதுக்கி வந்த பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் மறுபடி செதுக்குவதற்கு யார் காசு கொடுப்பது என்று பெரிய சண்டை நடக்கும். உன் சீனியர் மூன்று முறை ப்ரூஃப் பார்க்கச் சொல்வது உன்னைப் படுத்துவதற்காக இல்லை.

ஸ்டைபண்ட் பற்றி: பஸ் செலவுக்காவது கொடுப்பார்களா என்று வெட்கப்படாமல் கேள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. செய்த வேலையை போர்ட்ஃபோலியோவில் போடுவதற்கு முன் அனுமதி கேள், சரக்கு சந்தைக்கு வருவதற்கு முன் கண்டிப்பாகப் போடாதே. தினமும் இரவு ஒன்பது வரை உட்கார வைத்தால் மட்டும் எனக்குச் சொல், அது வேறு பேச்சு.

இன்னொன்று. பாக்கெட் அச்சுக்குப் போகும் நாளில் நானும் வரட்டுமா என்று கேட்டுப் பார். முடியாது என்றால் திருப்பூருக்கு வா. சனிக்கிழமை எங்கள் யூனிட்டில் பனியனுக்கு ஆறு கலர் ஸ்கிரீன் பிரிண்டிங் ஓடும். ஒரு படத்தை எப்படி ஆறாகப் பிரிக்கிறோம் என்று காட்டுகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். அந்தப் பாக்கெட் ப்ரூஃப் ஒன்றை ஸ்டுடியோவில் கேட்டு எடுத்து வா, நானும் ஒரு பார்வை பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா