அந்த வேஷத்தை விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

இனிமேல் நடிக்கப் போவதில்லை, இயக்கம் மட்டும்தான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நடிகரும் இயக்குநருமான பீட்டர் மலன் ஞாபகமாகவே இருக்கிறது. நீ இப்போது இருக்கிற ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வளர்ந்தவர். எனக்குத் தெரியாததையா சொல்லப்போகிறாய் என்பாய், தெரிந்தாலும் கேள்.

எட்டுப் பிள்ளைகள், குடிகார அப்பா. 19 வயதில் திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர். அப்புறம் அவருக்குச் சோறு போட்டது நடிப்புதான். பிரேவ்ஹார்ட் படத்தில் சின்ன வேஷம், ட்ரெயின்ஸ்பாட்டிங் படத்தில் போதைமருந்து விற்கிறவர், நடுநடுவே சொந்தமாகக் குறும்படங்கள். பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் படங்களிலும் நடித்தார். லோச் எப்படி என்றால், கதை வரிசையிலேயே படம்பிடிப்பார், முழுத் திரைக்கதையை நடிகர்களிடம் முன்கூட்டியே கொடுக்கவும் மாட்டார். அப்படி ஒருவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே பாடம் படிக்கக் கசக்குமா? 1998இல் லோச்சின் மை நேம் இஸ் ஜோவுக்காகக் கேன்ஸில் சிறந்த நடிகர் விருது வாங்கினார், அதே வருஷம் அவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் ஆர்ஃபன்ஸும் வந்தது.

2002இல் தி மேக்டலின் சிஸ்டர்ஸ். அயர்லாந்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய கதை. வாடிகன் பத்திரிகை திட்டித் தீர்த்தது, வெனிஸ் திரைப்பட விழாவிலோ உயர்ந்த விருதான தங்கச் சிங்கம் கொடுத்தார்கள். அதில் தப்பி வந்த மகளை அடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப அங்கேயே தள்ளுகிற அப்பா யார் தெரியுமா, மலனேதான். 2010இல் 1970களின் கிளாஸ்கோவை வைத்து நெட்ஸ் எடுத்தபோதும் குடித்துவிட்டு வீட்டை நடுங்கவைக்கிற அப்பா வேஷத்தைத் தானே எடுத்துக்கொண்டார். தன் படத்தில் தனக்கு நல்லவன் வேஷம் வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், இவர் போயும் போயும் இதையா எடுப்பார்! அதுவும் அப்படி ஓர் அப்பாவோடு வளர்ந்தவர். இயக்கம் மட்டும் தெரிந்தவருக்கு இது கைகூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே நெட்ஸில், முன்பின் நடித்தே இராத கோனர் மெக்காரன் என்ற பையனை நாயகனாக்கினார், சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் படத்துக்கும் விருது, பையனுக்கும் சிறந்த நடிகர் விருது. கேமரா முன்னால் நின்று உதறல் எடுத்த அனுபவம் இருக்கிற ஒருவரால்தான் புதுப் பையனிடம் அப்படி வேலை வாங்க முடியும்.

1998, 2002, 2010, இடைவெளியைப் பார். நடுவில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நடித்துக்கொண்டேதான் இருந்தார். நெட்ஸ் எடுத்த பிறகும் ஹாரி பாட்டரில் வில்லனின் கையாளாக வந்தார். அதைக் கேவலம் என்று யாராவது சொன்னார்களா? நீ மட்டும் ஏன் சொல்கிறாய்?

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் நர்ஸ் வேஷத்துக்குக் கூப்பிட்டார்களே, சரி என்று சொல்லிவிடு. வாடகைக்கும் ஆகும், உன் திரைக்கதையை அவசரப்பட்டு யாரிடமும் கொடுக்கவும் வேண்டியிருக்காது. அப்பாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை, அவர் தனியாக எழுதுவார், அதையும் படி.

அன்புடன்,
அம்மா