9.40 ஹால்ட் பஸ்ஸை நிறுத்தியதில் என்ன மிச்சம்?

போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு 9.40-க்கு டவுனிலிருந்து கிளம்பி எங்கள் ஊரில் தங்கும் ஹால்ட் பஸ் போன மாதம் நின்றதும், நாங்கள் மனு கொடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். "அந்த நடை (ட்ரிப்) நட்டம், வசூல் செலவில் பாதிகூடத் தேறவில்லை" என்று பதில் சொன்னீர்கள். அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், பஸ்ஸைத் திரும்ப விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு என்று நீங்கள் சொல்லும் தொகைக்குள் சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, பணிமனைச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு நடையை நிறுத்தியதால் இதில் எது குறைந்தது? எதுவும் இல்லை. அந்தச் செலவெல்லாம் மீதி நடைகளின் தலையில் ஏறும். நாளைக்கு மாலை 6 மணி நடையும் நட்டமாகத் தெரியும். அதையும் நிறுத்துவீர்களா?

பஸ் ஓடுவதில் குறையக்கூடியது டீசல் ஒன்றுதான். 18 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தாலும் நாலு லிட்டருக்குள் முடிந்துவிடும். அதுவும் மிச்சமாகவில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம். முன்பு இரவில் ஆட்களோடு வந்த பஸ் ஊரிலேயே நின்று, காலை 5.30-க்கு ஆட்களோடு கிளம்பும். இப்போது அதே 5.30 நடைக்காக, இருட்டோடு டெப்போவிலிருந்து 18 கிலோமீட்டர் காலியாக ஓடி வருகிறது. இரவில் பிடித்த டீசல் விடிவதற்குள் போய்விடுகிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கொடுத்த தங்கல் படி மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்.

அந்தப் படிக்கு எங்கள் ஊர் கொடுக்கும் விலையைக் கேளுங்கள். அந்த பஸ்ஸில் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்கள். கடை அடைக்க ஒன்பது ஆகும். நாள் சம்பளம் 350 ரூபாய். ஊர்வரை ஆட்டோ 300 கேட்கிறார்கள். மெயின்ரோடு பஸ்ஸில் வந்து, ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கினால், விளக்கில்லாத சாலையில் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும். யாராவது பைக்கோடு வந்து காத்திருந்தால் சரி. வீட்டில் பைக் இல்லாத ஒரு அக்கா, கணவர் இறந்தபின் அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஏழரைக்கே கிளம்ப விடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்றதும் வேலையை விட்டுவிட்டார். இப்போது காலை பஸ்ஸிலும் அவர் இல்லை. இரவு வீடு திரும்ப வழியில்லாதவர் காலையில் மட்டும் எப்படி ஏறுவார்? உங்கள் கணக்கில் இந்த இரண்டு நடையும் தனித்தனி வரிகள். ஏறுகிறவருக்கு இரண்டும் ஒரே பயணம்.

வசூல் இல்லை என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதை ஈடுகட்ட 2024-25 பட்ஜெட்டில் அரசு ஒதுக்கியது 3,050 கோடி ரூபாய். நடத்துநர் பையில் காசு விழவில்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று முடிவுகட்டலாமா? அவர் கொடுத்த கட்டணமில்லாச் சீட்டுகளை எண்ணுங்கள்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. நிறுத்தப்போவதாக ஒரு தாள்கூட பஸ் ஸ்டாண்டில் ஒட்டவில்லை. முதல் நாள் இரவு பெண்கள் பத்தரை மணிவரை காத்து நின்றார்கள். 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசு போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது, லாபம் பார்க்கும் தனியார் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் சேர்த்துத்தானே? ஊர் ஊராக இப்படிக் கடைசி நடையை வெட்டிக்கொண்டே போனால், டவுனில் வேலை செய்வது என்பதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும்.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையிலும் பஸ்ஸும் ஆளும் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். புது பஸ் கேட்கவில்லை, புது நடையும் கேட்கவில்லை. காலையில் காலியாக வரும் அதே பஸ்ஸை, முன்பு போல இரவு 9.40-க்கே ஆட்களோடு அனுப்பிவையுங்கள். அது முடியாது என்றால், நிறுத்தியதில் மிச்சமான தொகை எவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
9.40 பஸ் பயணிகள் சார்பாக, ஊர்க்காரன் ஒருவன்