வெயில் காலத்தில் சாலைப் பணி நேரத்தை மாற்றக் கோரி மனு

அனுப்புநர்:
சாலைப் பணித் தொழிலாளர்கள் (14 பேர்)

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: கோடை முடியும்வரை உச்சி வெயிலில் தார் போடும் வேலையை நிறுத்துதல், புதியவர்களுக்கு முதல் வாரம் வேலையைக் குறைத்துக் கொடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற மாதம் எங்களோடு வேலை பார்த்த ஒருவர் வேலையிடத்திலேயே விழுந்துவிட்டார். சேர்ந்து அன்றைக்கு மூன்றாவது நாள்.

மதியம் ஒரு மணி இருக்கும். மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஜல்லியைத் தள்ள ஆரம்பித்தார். கேலி செய்தோம். பெயரைக் கேட்டதற்கு வேறெதையோ சொன்னபோதுதான் எங்கள் சிரிப்பு நின்றது. மேஸ்திரி காய்ச்சல் மாத்திரையை எடுத்தார். வெயிலால் ஏறிய சூட்டை அது இறக்காது என்று எங்களில் ஒருவர் தடுத்துவிட்டார். ரோலர் சக்கரத்துக்கு வைத்திருந்த தண்ணீரை மேலே ஊற்றி, சட்டையைக் கழற்றி, ஆம்புலன்ஸ் வரும்வரை அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டார். உடல் சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டிப் பேச்சு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக், முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார் மருத்துவர். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நாங்கள் நம்பியிருந்தோம். இவருக்கோ கடைசிவரை வியர்த்துக்கொண்டிருந்தது.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வெயில் வேலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். அதனால்தான் புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு தினமும் இன்னொரு பங்கு கூட்டுவது என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கிறது. இங்கே முதல் நாளே முழு வேலைதான்.

வானிலைச் செய்தியில் சொல்லும் வெப்பநிலை நிழலில் அளந்தது. நாங்கள் நிற்பதோ 100 டிகிரி செல்சியசுக்கும் மேல் கொதிக்கும் தார்க்கலவைக்குப் பக்கத்தில். எனவே காலை 11 முதல் மாலை 4 வரை வேலையை நிறுத்தி, விடியற்காலையிலும் விளக்கு வைத்து இரவிலும் செய்ய அனுமதிக்க வேண்டுகிறோம்.

தண்ணீர் தருவதில்லை என்று சொல்ல மாட்டோம். டிரம் இருக்கிறது, ஆனால் தெருக்கோடியில், வெயிலில். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டுமென்றால் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு தார்ப்பாய்ப் பந்தலும் வேண்டும். இவையெல்லாம் கிடைத்தாலும், நிழலில் உட்கார்ந்தவருக்கு அரைநாள் கூலி பிடிக்கிறவரை யாரும் உட்காரப்போவதில்லை. ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வாய்வழி உத்தரவு மேஸ்திரி வரை வந்து சேருவதில்லை.

விழுந்தவர் மருத்துவர் அனுமதியோடு வரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். உத்தரவு அதற்கு முன் வந்தால் முதலில் அவருக்கே உதவும்.

இப்படிக்கு,
சாலைப் பணித் தொழிலாளர்கள்